வெள்ளிமுடியும் சிவப்பு அட்டையும்

1986-ஆம் ஆண்டில் ஜப்பான் அரசின் பன்னாட்டு வணிக, தொழில்துறை அமைச்சகம் ஒரு திட்டத்தை முன்வைத்தது. அதற்கு இட்ட பெயர் 'வெள்ளிக் கொலம்பியா'. கொலம்பஸ் அமெரிக்கக் கண்டத்தை அடைந்த ஐந்நூறாம் ஆண்டு 1992-இல் வரவிருந்தது. கொலம்பியா என்ற பெயர் அதை ஒட்டி வந்தது. வெள்ளி என்றது நரைத்த தலையை. பணி ஓய்வு பெற்ற ஜப்பானியர் ஸ்பெயின், ஆஸ்திரேலியா போன்ற வெயிலும் இடமும் மிகுந்த நாடுகளில் குடியிருப்புகள் அமைத்துக்கொண்டு எஞ்சிய காலத்தைக் கழிக்கலாம் என்பது அமைச்சகத்தின் எண்ணம். யென் நாணயத்தின் மதிப்பு விறுவிறுவென்று ஏறியிருந்த நேரம் அது. டோக்கியோவில் இரண்டு அறை வீட்டுக்கும் போதாத ஓய்வூதியம் கடல் கடந்தால் தோட்டத்தோடு கூடிய வீட்டுக்குப் போதும் என்று கணக்குப் போட்டார்கள்.

திட்டம் பலத்த கண்டனத்துக்கு உள்ளாயிற்று. இதுவரை கார்களையும் தொலைக்காட்சிப் பெட்டிகளையும் ஏற்றுமதி செய்த நாடு இப்போது தன் கிழவர்களையும் ஏற்றுமதி செய்யப் புறப்பட்டுவிட்டதா என்று உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் கேட்டார்கள். மூன்றாண்டுகளுக்கு முன்பு, 1983-இல்தான், ஷோஹெய் இமாமுராவின் 'நரயாமா' திரைப்படம் கான் விழாவில் முதற்பரிசு பெற்றிருந்தது. எழுபது வயதானவர்களை மலையுச்சிக்குச் சுமந்து சென்று விட்டுவிட்டு வரும் ஒரு கற்பனைக் கிராமத்தின் கதை அது. அமைச்சகத்தின் அறிக்கையைப் படித்தவர்களில் எத்தனை பேருக்கு அந்த மலை நினைவுக்கு வந்ததோ!

அரசு பின்வாங்கியது. ஆனால் எண்ணம் மறையவில்லை. நிரந்தரக் குடியேற்றம் என்ற சொல்லைக் கைவிட்டு 'நீண்ட தங்கல்' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டார்கள். அதை ஊக்குவிக்க 1992-இல் ஓர் அறக்கட்டளையே தோன்றியது. 2006 முதல் பல ஆண்டுகள் அந்த அறக்கட்டளையின் கணக்கெடுப்பில் ஜப்பானியர் நீண்டகாலம் தங்க விரும்பும் நாடுகளில் முதலிடம் பெற்று வந்தது ஸ்பெயினுமன்று, ஆஸ்திரேலியாவுமன்று, மலேசியா.

அனுப்ப நினைக்கும் நாடு இருந்தால், வாங்கிக்கொள்ளும் நாடும் இருக்க வேண்டுமல்லவா? ஓய்வு பெற்ற அந்நியருக்கென்று தனி அனுமதி வழங்கும் வழக்கம் நூற்றாண்டுப் பழமை உடையதன்று. மத்திய அமெரிக்காவில் கோஸ்டா ரிக்கா 1971-இல் 'ஓய்வூதியக் குடியிருப்பாளர்' என்ற வகையைச் சட்டமாக்கியது. 1985-இல் பிலிப்பைன்ஸ் அதிபர் மார்க்கோஸ், தம் ஆட்சியின் கடைசிக் கட்டத்தில், ஓர் ஆணையின் மூலம் இதற்கெனத் தனி ஆணையமே நிறுவினார். தாய்லாந்து ஐம்பது வயதை வரம்பாக வைத்து, வங்கியில் 8 இலட்சம் பாட் அல்லது மாதம் 65,000 பாட் வருமானம் காட்டுவோர்க்கு ஓராண்டு அனுமதி தருகிறது. ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும், 90 நாளைக்கு ஒருமுறை தம் முகவரியை அதிகாரிகளுக்கு அறிவிக்க வேண்டும். எண்பது வயதுக் கிழவரும் இதற்கு விலக்கல்லர்.

மலேசியா 1996-இல் 'வெள்ளிமுடித் திட்டம்' என்ற பெயரில் இந்தச் சந்தைக்குள் நுழைந்தது. ஜப்பானியரின் வெள்ளியும் மலேசியரின் வெள்ளியும் ஒரே நரையைக் குறித்தவை என்பது கவனிக்கத்தக்கது. (மலேசியத் தமிழர் தம் நாணயமான ரிங்கிட்டையும் 'வெள்ளி' என்றே வழங்குவர். அந்தச் சிலேடைக்கு அரசு பொறுப்பன்று.) 2002-இல் அதே திட்டம் விரிவாக்கப்பட்டு 'மலேசியா என் இரண்டாம் இல்லம்' என்ற பெயரைப் பெற்றது. அதன் பழைய நிபந்தனைகளைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்பது நல்லது. பின்னால் சொல்லப்போவதற்கு அவை தேவைப்படும்.

விண்ணப்பிப்பவர் ஐம்பது வயதைக் கடந்தவரானால் மூன்றரை இலட்சம் ரிங்கிட் சொத்தும், மாதம் 10,000 ரிங்கிட் ஓய்வூதியமோ வெளிநாட்டு வருமானமோ காட்ட வேண்டும். மலேசிய வங்கியொன்றில் ஒன்றரை இலட்சம் ரிங்கிட்டை வைப்புத்தொகையாக இட வேண்டும். மருத்துவச் சோதனை உண்டு. இவை நிறைவேறினால் பத்தாண்டுக்குப் பலமுறை வந்து போகும் அனுமதி கடவுச்சீட்டில் ஒட்டப்படும். மனைவியையும் 21 வயதுக்குட்பட்ட பிள்ளைகளையும் அழைத்துக்கொள்ளலாம். பெற்றோரையும் உடன் வைத்துக்கொள்ளலாம். வீடு வாங்கலாம். பல ஆண்டுகள் வரிவிலக்குடன் ஒரு காரும் வாங்கிக்கொள்ள முடிந்தது. வீட்டுவேலைக்கு வெளிநாட்டுப் பணிப்பெண் ஒருவரை அமர்த்தவும் விண்ணப்பிக்கலாம். மலாய்மொழி தெரியுமா என்று யாரும் கேட்பதில்லை. 2002 முதல் 2018 முடிய 40,000-க்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் ஏற்கப்பட்டன. சீனர், ஜப்பானியர், வங்கதேசத்தார், பிரிட்டானியர் ஆகியோர் அவர்களுள் மிகுதி.

சட்டத்தின் கண்ணில் இவர்கள் அனைவரும் விருந்தாளிகள். அனுமதியின் அதிகாரப்பூர்வப் பெயரே 'சமூக வருகை அனுமதி' என்பதுதான். இருபது ஆண்டு இருந்தாலும் அது நிரந்தர வசிப்புரிமையாகவோ குடியுரிமையாகவோ தானே மாறாது. இதை ஒரு குறையாகச் சொல்வோர் உண்டு. எனக்கு இதில் ஒரு நேர்மை தெரிகிறது: நீ பணத்தோடு வருகிறாய், நான் இடம் தருகிறேன், இருவரும் உறவு கொண்டாட வேண்டியதில்லை.

வேற்றூரான் தங்குவதற்கு விலை வைப்பது பழைய வழக்கமே. கிரேக்கத்து ஏதென்ஸ் நகரில் குடியேறிய அந்நியர், அந்நகரப் பகுதியொன்றில் தம் பெயரைப் பதிந்துகொண்டு, குடிமகன் ஒருவரைப் பொறுப்பாளராகக் காட்டி, ஆணானால் ஆண்டுக்கு 12 திராக்மாவும் தனித்து வாழும் பெண்ணானால் 6 திராக்மாவும் வரி கட்ட வேண்டும். கட்டத் தவறியவரை அடிமையாக விற்கவும் சட்டத்தில் இடம் இருந்தது. நிலம் வாங்கும் உரிமை அவர்களுக்கு இல்லை. அரிஸ்டாட்டில் அத்தகைய அந்நியர்தாம். இரு கட்டங்களாக முப்பது ஆண்டுக்கும் மேல் அந்நகரில் வாழ்ந்து, உலகம் இன்றும் பேசும் பள்ளியை நடத்தியவருக்கு அந்தப் பள்ளியின் மண் சொந்தமாக முடியவில்லை. அலெக்சாந்தர் இறந்தபின் சூழல் மாறவே, கி.மு. 323-இல் ஊரை விட்டு வெளியேறி, தாய்வழி வீடு இருந்த கால்கிஸ் நகருக்குப் போய், அடுத்த ஆண்டு அங்கே இறந்தார். ஓய்வுக்காலத்தைக் கழிக்க அவருக்கும் தாயின் ஊர்தான் வாய்த்தது.

சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவு ஊரெடுத்த காதையை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் மருவூர்ப்பாக்கத்து யவனர் இருக்கைகளில் என் மனம் சற்று நின்றுவிடும். பல மொழி பேசும் வேற்று நாட்டார் கலந்து இனிது வாழ்ந்த புகாரைப் பட்டினப்பாலையும் பாடுகிறது. அவர்கள் எந்த நிபந்தனையில் தங்கினார்கள், சோழனுக்கு என்ன கட்டினார்கள் என்பதை இரு நூல்களும் சொல்லவில்லை. மூப்பு வந்ததும் கப்பலேறிப் போனார்களா, காவிரிக் கரையிலேயே கண்ணை மூடினார்களா என்பதையும்தான்.

இந்தக் கேள்வியை மலேசிய மண்ணில் தமிழர்களைப் பற்றிக் கேட்டால் விடை தெளிவாகக் கிடைக்கிறது, ஏட்டில் இருக்கிறது.

1907-இல் மலாயாவில் 'தமிழர் குடியேற்ற நிதி' என்ற ஒன்று ஏற்படுத்தப்பட்டது. தோட்ட முதலாளிகள் தம்மிடம் வேலை செய்யும் ஆட்களின் கணக்குப்படி அதற்குப் பணம் கட்டினர். ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் இருந்த கூடங்களில் ஆட்களைச் சேர்ப்பது, கங்காணிக்குரிய தரகு, பினாங்குக்குக் கப்பல் கட்டணம் முதலிய செலவுகளை அந்நிதி ஏற்றது. 'இந்தியர் குடியேற்ற நிதி' என்று பின்னர் பெயர் மாறிய அதற்கு இன்னொரு கடமையும் இருந்தது. உழைக்க முடியாமல் தளர்ந்தவர்களை ஊருக்குத் திருப்பி அனுப்புவதும், போக ஊர் இல்லாதவர்களைத் தளர்ந்தோர் இல்லங்களில் வைத்துக் கஞ்சி ஊற்றுவதும் அதன் பொறுப்பு.

இதை ஈகையாக மட்டும் படித்துவிட்டுக் கடந்துபோவது எளிது. ஆனால் கணக்கைக் கவனிக்க வேண்டும். 1920-களின் பிற்பகுதியில் ஆணுக்கு நாள் ஒன்றுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசும் தரக்கூலியாக வைத்தபோது, அது இன்று பால்மரம் வெட்டும் உடம்புக்கு இன்று வேண்டிய சோற்றின் விலை. அவன் பிள்ளைப் பருவத்தில் உண்ட சோற்றைத் தஞ்சாவூரிலோ திருச்சிராப்பள்ளியிலோ யாரோ ஒரு தாய் போட்டுவிட்டாள். கிழப்பருவத்தில் உண்ணப்போகும் சோற்றையும் அந்த ஊரே போட்டுக்கொள்ளும். நடுவே உள்ள முப்பது ஆண்டுகள் மட்டும் தோட்டத்துக்கு. திரும்பிப் போகும் கப்பல் சீட்டுத்தான் அந்த ஏற்பாட்டில் அவனுக்கு வைத்திருந்த ஓய்வூதியம். வெள்ளிக் கொலம்பியாவைக் கண்டு உலகம் முகம் சுளித்ததற்கு எண்பது ஆண்டுகளுக்கு முன்பே மலாயாவில் முதுமையின் ஏற்றுமதி ஒழுங்காக நடந்துகொண்டிருந்தது.

உலகப் பொருளாதார வீழ்ச்சியின்போது இளமையையும் ஏற்றுமதி செய்தார்கள். ரப்பர் விலை தரைமட்டமானது. 1930 முதல் 1932 வரையிலான மூன்றே ஆண்டுகளில் ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர் நிதியின் செலவில் திருப்பி அனுப்பப்பட்டனர். விலை ஏறியதும் ஆள்கட்டுதல் மறுபடி தொடங்கியது. கூலியைக் குறைத்த தகராறில் இந்திய அரசு 1938 ஜூனில் உதவிபெற்றுச் செல்லும் உடலுழைப்பாளர் குடியேற்றத்தைத் தடை செய்தது. இவ்வளவு போக்குவரத்துக்கும் தமிழனிடம் எந்த அனுமதிச்சீட்டும் கேட்கப்படவில்லை. 1933-இல் நீரிணைக் குடியேற்றங்களில் அந்நியர் சட்டம் வந்தபோது அது குறிவைத்தது சீனர்களை. தமிழன் பிரிட்டிஷ் முடியின் குடி. ஆகவே அந்நியன் அல்லன். காகிதம் தேவைப்படாத அந்தக் காலமே பின்னால் அவனுக்குப் பெரிய தொல்லையாக முடிந்தது. எப்போது வந்தாய் என்று அரசு கேட்டபோது காட்டுவதற்கு அவனிடம் ஒன்றும் இருக்கவில்லை.

அரசு கேட்கத் தொடங்கியது 1948-இல். அவ்வாண்டு பிப்ரவரி 1-ஆம் நாள் மலாயாக் கூட்டரசு பிறந்தது. ஜூனில் கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியை ஒட்டி அவசரநிலை அறிவிக்கப்பட்டது. காட்டில் இருப்பவனையும் நாட்டில் இருப்பவனையும் பிரித்தறிய, பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட எல்லோரையும் நிழற்படம் எடுத்து, கைரேகை வாங்கி, அடையாள அட்டை கொடுத்தார்கள். போர்க்கால ஏற்பாடாக வந்த அட்டை நிலைத்துவிட்டது. பின்னாளில் அதற்கு நிறங்கள் வந்தன: குடிமகனுக்கு நீலம், நிரந்தரவாசிக்குச் சிவப்பு, தற்காலிகவாசிக்குப் பச்சை. மலேசியத் தமிழரிடையே 'சிவப்பு ஐ.சி.' என்ற இரு சொற்கள் போதும். ஒரு குடும்பத்தின் கதை முழுவதும் அதற்குள் அடங்கிவிடும்.

குடியுரிமை கிடைக்காமல் இல்லை. 1948-இன் உடன்படிக்கைப்படி வெளியே பிறந்தவர் முந்தைய 20 ஆண்டுகளில் 15 ஆண்டு அங்கே வாழ்ந்ததை மெய்ப்பித்து, மலாயோ ஆங்கிலமோ போதிய அளவு தெரிந்திருந்தால் விண்ணப்பிக்கலாம். 1957 ஆகஸ்டு 31-இல் விடுதலை வந்தபோது வாசல் இன்னும் அகன்றது. அன்றிலிருந்து அம்மண்ணில் பிறக்கும் குழந்தை பிறப்பினாலேயே குடிமகன் ஆயிற்று. (அந்தத் தாராளம் 1962-இல் சுருக்கப்பட்டது.) ஏற்கெனவே அங்குப் பிறந்திருந்தவர்களும், வெளியே பிறந்து 45 வயதைக் கடந்தவர்களும் முதல் ஓராண்டுக்குள் விண்ணப்பித்தால் மொழித்தேர்வும் இல்லை.

அந்த ஓராண்டைத் தவறவிட்டவர்கள் யார்? தோட்டப்புறத்துத் தமிழர்கள் பலர். ஏன் தவறவிட்டார்கள் என்பதற்கு அவர்களின் அறியாமையையே காரணமாகச் சொல்வது படித்தவர்களின் வழக்கம். அறியாமை இருந்தது. ஆனால் தோட்டம் என்பது வேலை, கடை, கோயில், கள்ளுக்கடை, பள்ளி எல்லாவற்றையும் தனக்குள்ளேயே வைத்துக்கொண்ட ஒரு மூடிய உலகம். பதிவு அலுவலகம் தொலைவில் இருந்தது. ஒருநாள் போனால் ஒருநாள் கூலி போகும். பிறப்புச் சான்று கையில் இல்லை. இவற்றோடு, அடுத்த ஆண்டு ஊருக்குப் போய்விடுவோம் என்ற நினைப்பும் இருந்தது. அந்த நினைப்பை ஊட்டி வளர்த்தது யார்? ஐம்பது ஆண்டுகளாகத் திரும்பும் சீட்டை மட்டுமே முதுமைக்கான ஏற்பாடாக வைத்திருந்த அமைப்பு. போதாக்குறைக்கு, 1950-இன் இந்திய அரசியலமைப்பு எட்டாம் பிரிவின்படி வெளிநாட்டில் வாழும் இந்திய வம்சாவளியினர் இந்தியத் தூதரகத்தில் பதிந்துகொண்டு இந்தியக் குடிமக்கள் ஆகவும் வழி இருந்தது. சிலர் அதைத் தேர்ந்தனர். பலர் எதையும் தேரவில்லை. இரண்டு நாடும் நம்முடையதே என்று இருந்துவிட்டவர்களுக்கு இரண்டுமே இல்லாமற் போயிற்று.

இதற்கிடையே 1953 ஆகஸ்டில் புதிய குடிநுழைவுச் சட்டம் நடைமுறைக்கு வந்திருந்தது. அதன்பின் படித்த தொழில் வல்லுநர்களும் பணம் படைத்தவர்களும் நுழையலாம். வெறுங்கையோடு வரும் உழைப்பாளிக்குக் கதவு அடைபட்டது. தமிழனை இருநூறு சிறு சலுகைகள் காட்டி அழைத்துவந்த அதே துறைமுகத்தில்தான்.

அடி விழுந்தது 1969-இல். 1968-ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, குடிமகன் அல்லாதவர் வேலை செய்ய அனுமதி பெற வேண்டும். 1969 மே 13 கலவரத்துக்குப்பின் சட்டம் இறுக்கமாக நடைமுறைப்படுத்தப்பட்டது. முப்பது, நாற்பது ஆண்டுகள் ஒரே மரவரிசையில் பால் எடுத்தவர், அந்த மரவரிசையில் வேலை செய்ய 'வேலை பெர்மிட்' கேட்டு விண்ணப்பம் எழுத வேண்டியவரானார்; எழுதத் தெரியாதவர் எழுதுவிக்க வேண்டியவரானார். அதற்கு முன்பே வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்று ஆயிரக்கணக்கானோரை வெளியேற்றியிருந்தன. (அந்தத் துண்டாடலைத் தடுக்கவே 1960-இல் வீ.தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அது தனிக் கட்டுரைக்குரிய செய்தி.) வேலை பெர்மிட் நெருக்கடியில் ஏறத்தாழ 60,000 இந்தியத் தொழிலாளர் நாடு திரும்பினர் என்பது வரலாற்றாய்வாளர் தரும் கணக்கு. 1926-இல் கட்டப்பட்டு, மூன்று தலைமுறைத் தமிழரைச் சென்னைக்கும் பினாங்குக்கும் இடையே சுமந்த ராஜுலா கப்பல் 1973-இல் ஓய்வு பெறும் முன் சுமந்தவர்களில் இவர்களும் அடங்குவர். அவர்களில் பலருக்கு 'திரும்புதல்' என்ற சொல்லே பொருந்தாது. பார்த்தறியாத ஊருக்கு எப்படித் திரும்புவது?

திரும்பாதவர்கள் சிவப்பு அட்டையோடு இருந்தார்கள். சிவப்பு அட்டை இருந்தால் தங்கலாம். வாக்களிக்க முடியாது. அரசு வேலை கிடையாது. குடிமக்களுக்கென்று கட்டப்படும் மலிவுவிலை வீட்டுக்கு மனுப்போட முடியாது. குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம், 12 ஆண்டுகளில் 10 ஆண்டு வசிப்பும் போதிய மலாய்மொழி அறிவும் வேண்டும். தோட்டத்துக்குள்ளேயே தமிழ் பேசி வாழ்ந்து முடித்த எழுபது வயதுப் பாட்டியை அதிகாரி முன் உட்காரவைத்து மலாயில் கேள்வி கேட்டார்கள். தோற்றவர்கள் மீண்டும் வரிசையில் நின்றார்கள்.

இப்போது பகாங் மாநிலத்துக் கேமரன் மலைக்குப் போவோம். 1885-இல் வில்லியம் கேமரன் அளந்து கண்ட மேட்டுநிலம். கடல்மட்டத்துக்கு ஏறக்குறைய ஐயாயிரம் அடி உயரம். 1929-இல் அங்கே போ தேயிலை நிறுவனம் தோன்றியது. அக்காலத் தோட்டங்களில் காடு திருத்தித் தேயிலை நட்டுக் கொழுந்து கிள்ளியவர்களில் தமிழர் மிகுதி. அவர்களின் கோயில்கள் இன்றும் அங்கே உள்ளன. அதே மலைதான் நீண்ட தங்கல் ஜப்பானியர்களின் விருப்பமான இடமாயிற்று. ஜப்பானில் கோடை வாட்டும் மாதங்களில் முதிய தம்பதியர் அங்கே வந்து வீடெடுத்துத் தங்கி, காலையில் கோல்ப் ஆடி, பச்சை போர்த்த சரிவுகளைப் பார்த்தபடி தேநீர் அருந்துவர். அவர்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. வாழ்நாள் முழுவதும் உழைத்துவிட்டுக் குளிர்ச்சியான இடத்தில் சில ஆண்டுகள் அமைதியாக இருக்க ஆசைப்படுவது குற்றமாகாது. நான் கேட்பது அந்தச் சரிவுகளில் நின்றவர்களின் முதுமை பற்றித்தான்.

இன்று அம்மலையின் தோட்டங்களில் தமிழர் குறைந்துவிட்டனர். வங்கதேசம், நேபாளம் முதலிய நாடுகளிலிருந்து வந்தவர்கள் அந்த வேலையைச் செய்கிறார்கள். அவர்களுக்குரிய அனுமதியின் பெயர் 'தற்காலிக வேலை வருகை அனுமதி'. இங்கும் 'வருகை'தான். ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும், பொதுவாகப் பத்தாண்டுக்கு மேல் போகாது, குடும்பத்தை அழைத்துவர முடியாது. முதன்முறை வருபவரின் வயது 18-க்குக் குறையவும் கூடாது, 45-ஐத் தாண்டவும் கூடாது. ஓய்வுக்கால அனுமதியில் சலுகைக் கணக்குத் தொடங்கும் வயது ஐம்பது. ஒரே நாட்டின் ஒரே குடிநுழைவுத் துறை ஒட்டும் இரண்டு சீட்டுகள் இவை. 1907-இன் கணக்கு நிதியோடு போய்விடவில்லை. அந்த நிதியே 1958-இல் 'தென்னிந்தியத் தொழிலாளர் நிதி' என மாறி, 1999-இல் கலைக்கப்பட்டது. வெள்ளிமுடித் திட்டத்துக்கு அப்போது மூன்று வயது.

பணம் கொடுத்து வந்த விருந்தாளியும் நிம்மதியாக இல்லை என்பதையும் சொல்லவேண்டும். கொரோனாக் காலத்தில், 2020-இல், இரண்டாம் இல்லத் திட்டம் நிறுத்திவைக்கப்பட்டது. 2021-இல் உள்துறை அமைச்சகம் புதிய நிபந்தனைகளை அறிவித்தது: மாத வருமானம் 40,000 ரிங்கிட், வைப்புத்தொகை பத்து இலட்சம், சொத்து பதினைந்து இலட்சம், அனுமதி ஐந்தாண்டு, ஆண்டுக்கு 90 நாளேனும் நாட்டில் இருக்க வேண்டும். பழைய உறுப்பினர்களும் இதற்குள் வரவேண்டும் என்ற பேச்சு எழுந்தபோது, வீடு வாங்கிப் பதினைந்து ஆண்டு வாழ்ந்துவிட்ட எழுபது வயதினர் திகைத்துப் போனார்கள். ஜொகூர் சுல்தான் வெளிப்படையாகவே ஆட்சேபம் தெரிவித்தார். பழையவர்களுக்கு விலக்குக் கிடைத்தது. ஆண்டுக் கட்டணம் மட்டும் 90 ரிங்கிட்டிலிருந்து 500 ஆயிற்று. 2024 ஜூனில் திட்டம் வெள்ளி, தங்கம், பிளாட்டினம் என மூன்று அடுக்காகப் பிரிக்கப்பட்டது. முறையே ஒன்றரை இலட்சம், ஐந்து இலட்சம், பத்து இலட்சம் அமெரிக்க டாலர் வைப்புத்தொகை. வீடு வாங்குவதும் கட்டாயம். தலைநரையைக் குறித்த 'வெள்ளி' இப்போது உலோகத்தைக் குறிக்கிறது. 25 வயதிலேயே விண்ணப்பிக்கலாம் என்பதால் இதை இனி ஓய்வுக்கால அனுமதி என்று சொல்வதும் அரிது.

சிவப்பு அட்டைக்காரர்களுக்கு வருவோம். 2011-இல் இந்தியச் சமூகத்தில் ஆவணம் இல்லாதோரைப் பதிவு செய்ய 'மைடஃப்தார்' என்ற இயக்கம் நடந்தது. பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த தோட்டத்துச் சம்பளச் சீட்டு, கோயில் திருமண அழைப்பு, எரிந்துபோன பிறப்புச் சான்றின் ஓர் ஓரம் இவற்றையெல்லாம் எடுத்துக்கொண்டு வருவோரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அங்கேயே பிறந்தும் பதிவு இல்லாமையால் எந்த நிற அட்டையும் இல்லாதவர்களும் அவர்களுள் இருந்தனர். சிக்கல் தீர்ந்துவிடவில்லை. 2018 தேர்தலில் சிவப்பு அட்டை ஒரு வாக்குறுதி ஆனது. வென்று வந்தவர் மகாதீர் முகம்மது. 1996-இல் வெள்ளிமுடித் திட்டமும் 2002-இல் இரண்டாம் இல்லத் திட்டமும் தொடங்கியபோது பிரதமராக இருந்தவரும் அவரே. அவ்வாண்டு, சிவப்பு அட்டை வைத்திருந்த 3,407 இந்தியர்களுக்குக் குடியுரிமை வழங்கப்படும் என்று அவர் அறிவித்தார். தகுதி இரண்டு: நிரந்தரவாசியாக இருக்க வேண்டும், அறுபது வயது நிரம்பியிருக்க வேண்டும். மலாய்மொழித் தேர்வு அவர்களுக்கு இல்லை என்றார்கள். ஐம்பத்தொன்பது வயதினர் வழக்கமான வரிசையில் நிற்க வேண்டும். தேர்வும் எழுத வேண்டும்.